ஸ்கோப்பின் மேல் போட்ட பழி: ஒரு மஸில்லோடருக்குக் குறி சரிசெய்த அனுபவம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வெள்ளைவால் மானை மஸில்லோடரால், அதாவது வாய் வழியே மருந்து போடும் துப்பாக்கியால், வேட்டையாடும் சீசன் ஜனவரித் தொடக்கத்தில் நான்கே நாள். சனிக்கிழமை ஆரம்பித்துச் செவ்வாய்க்கிழமை முடிந்துவிடும். அந்த நான்கு நாளில் நல்லபடியாக ஒரு வெடி வாய்த்தாலே பெரிது. ஒற்றைக் குழல், ஒற்றைக் குண்டு. தவறினால் மறுபடி வெடிமருந்து போட்டு, குண்டை இறக்கி, நெருப்பு மூட்டும் கேப்பு வைப்பதற்குள் மான் பக்கத்துப் பண்ணைக்குப் போயிருக்கும். அதைவிட மோசம், காயத்தோடு ஓடி எங்கேயோ விழுந்து கிடப்பது. அந்த மாதிரி ஒன்று என் கையால் நடக்கக் கூடாது என்பதால் நவம்பரிலேயே குறியைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். ஒரு காலையில் முடியும் என்று நினைத்த வேலை டிசம்பர் கடைசி வரை இழுத்தது. ஏன் இழுத்தது என்பதுதான் இந்தப் பதிவு.

மஸில்லோடர் என்பது நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்கிறோமே, அதே வம்சம்தான். குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, அதன் மேல் குண்டை வைத்து, கஜக்கோலால் கெட்டிக்க வேண்டும். பழைய வகையில் பக்கவாட்டில் இருக்கும் குதிரை கேப்பைத் தட்டும். நெருப்பு ஒரு வளைவு திரும்பி மருந்துக்குப் போகும். என்னிடம் இருப்பது இன்லைன். இதில் கேப்பு மருந்துக்கு நேர் பின்னால் உட்காரும். 1985இல் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85க்கு அப்புறம்தான் இந்த வகை அமெரிக்காவில் பரவலானது. என்னுடையது சிவிஏ ஆப்டிமா, .50 காலிபர், 26 அங்குலக் குழல், உள்ளே குண்டைச் சுழற்றும் வரிகள் 28 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. கூட வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கியது. மேலே 3-9x32 ஸ்கோப், அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 32 மில்லிமீட்டர் உள்ள குறிநோக்கி ஒன்று ஏற்கெனவே மாட்டியிருந்தது.

ஸ்கோப் வைக்கலாமா என்பதே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொலராடோவில் மஸில்லோடர் சீசனில் ஸ்கோப்புக்கே இடமில்லை. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரும் சீசனில் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி மட்டும்தான். ஒஹாயோவில் தடையில்லை.

மருந்துக்குக் கருமருந்துக்கு மாற்றாக வரும் டிரிபிள் செவன் தூள், 90 கிரெயின் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சின்ன அலகு). இது படியில் அரிசி அளக்கிற மாதிரியான கணக்கு. அளவுக் குழாயில் 90 என்ற கோடு வரை நிரப்ப வேண்டும். தராசில் 90 கிரெயின் நிறுத்துப் போட்டால் மருந்து கூடிப்போகும், ஏனென்றால் டிரிபிள் செவன் கருமருந்தைவிட லேசானது, வேகமும் அதிகம். சாதாரண ரைஃபிள் தோட்டாவில் வரும் புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது, குழல் பிளந்துவிடும். குண்டு, சபாட் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் உட்காரும் 250 கிரெயின் ஹார்னடி எஸ்எஸ்டி. கேப்பு, ஷாட்கன் தோட்டாவில் இருக்கும் அதே 209 ப்ரைமர்.

கொலம்பஸுக்கு வடக்கே டெலவேர் வனவிலங்குப் பகுதியில் மாநில அரசின் சுடுதளம் இருக்கிறது. முதல் நாள் அங்கே போனதும் ஒரு தோட்டாவும் செலவழிக்காமல் பாதி வேலை முடிந்தது. துப்பாக்கியை மடக்கி, பின்பக்கத் திருகான பிரீச் பிளக்கைக் கழற்றிவிட்டால் குழல் வெறும் குழாய். மணல் மூட்டையில் படுக்கவைத்து, குழலுக்குள் கண்ணை வைத்து, 25 கெஜத்தில் இருக்கும் கறுப்பு வட்டம் நட்டநடுவில் தெரியும்படி அசைத்து நிறுத்தினேன். அப்படியே துப்பாக்கியைத் தொடாமல் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை அதே வட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். லேசர் கருவியெல்லாம் வேண்டாம்.

அப்புறம் குழலில் இருக்கும் எண்ணெயை எரிக்க மருந்தில்லாமல் இரண்டு கேப்பு மட்டும் வெடித்தேன். 25 கெஜத்தில் முதல் குண்டு மூன்று அங்குலம் கீழே, இரண்டு அங்குலம் வலப்பக்கம். ஸ்கோப்பின் திருகைத் திருப்பும்போது கேட்கும் ஒரு கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம். 25 கெஜத்தில் அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது ஒரு அங்குலத்துக்குப் பதினாறு கிளிக். மேலே 48, இடப்பக்கம் 32. திருப்பினேன். அடுத்த குண்டு இன்னும் அரை அங்குலம் கீழேயே விழுந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பி வட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டு 100 கெஜத்துக்குப் போனேன்.

அங்கே ஐந்து குண்டு. காகிதத்தை எடுத்து வந்து பார்த்தால் ஓட்டைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. மானின் உயிர்நிலை எட்டு அங்குல வட்டம் என்பது கணக்கு. இந்தத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போக முடியாது. அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டேன்: ஸ்கோப் மட்டம், மாற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஸ்கோப்பைக் கழற்றியபோதுதான் முதல் சங்கதி தெரிந்தது. ஸ்கோப்பைத் தாங்கும் அடிப்பட்டையின் முன் திருகு இரண்டும் விரலாலேயே திரும்பின. திருகுத் துளையில் எண்ணெய் தேங்கியிருந்தது. எண்ணெய் மேல் திருகியது ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்திருக்கிறது. ஸ்பிரிட்டில் துளையையும் திருகையும் துடைத்து, காயவிட்டு, நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி வைத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் மோதிரங்களின் திருகுகளுக்கு 15 அங்குல-பவுண்டு போதும். அதற்கு மேல் முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும்.

இந்த இடத்தில் பழைய ஸ்கோப்பையே திரும்ப மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் புதிதாக ஒரு லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9x40 வாங்கி மாட்டினேன்.

இரண்டாம் நாள். புது ஸ்கோப், இறுகிய அடிப்பட்டை. 100 கெஜத்தில் முதல் இரண்டு குண்டும் ஒன்றையொன்று தொட்டன. மூன்றாவது இரண்டு அங்குலம் ஏறியது. நான்காவது அதற்கும் மேல். ஐந்தாவது முதலாவதற்கும் கீழே இறங்கியது. மொத்தம் ஆறு அங்குலம். ஆனால் இந்த முறை சிதறலின் வடிவம் வேறு. இடம் வலமாகப் பார்த்தால் ஒரு அங்குலத்துக்குள் அடங்கிவிட்டது. மேலும் கீழுமாகத்தான் ஏணிபோல் ஓடியது. ஸ்கோப்போ அடிப்பட்டையோ ஆடினால் எல்லாப் பக்கமும் சிதறும். நெடுக்காக மட்டும் ஓடினால் குண்டின் வேகம் வெடிக்கு வெடி மாறுகிறது என்று அர்த்தம். வேகம் மாறினால் காரணம் குழலுக்குள்ளே.

கஜக்கோலில் ஒரு குறி உண்டு. சுத்தமான குழலில் மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்த பிறகு, குழல் வாய்க்கு நேராகக் கோலில் ஒரு வெள்ளை டேப் சுற்றி வைத்திருந்தேன். ஆறாவது தடவை கெட்டிக்கும்போது குனிந்து அந்த டேப்பைப் பார்த்தேன். குழல் வாய்க்கு மேலே ஒரு நெல் நீளத்துக்கு அது துருத்திக்கொண்டு நின்றது. அழுத்தினேன், அசையவில்லை. குண்டு மருந்தின் மேல் உட்காரவில்லை. வேறு எதன் மேலோ உட்கார்ந்திருக்கிறது.

டிரிபிள் செவன் பயன்படுத்துகிறவர்கள் கசட்டு வளையம் என்று சொல்வது இதைத்தான். மருந்து எரிகிற இடத்தில், பிரீச் பிளக்குக்குச் சற்று முன்னால், கசடு கெட்டியாகி வளையல்போல் குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். 209 ப்ரைமரின் கடும் சூடு அதை இன்னும் இறுக்குகிறது. குண்டு அந்த வளையலில் தடுக்கி நின்றால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலி இடம் விழும். குறி தவறுவது மட்டும் இல்லை, அந்த இடைவெளியால் குழலே வீங்கிப்போக வாய்ப்பு உண்டு. அந்தக் குண்டை நான் சுடவில்லை. துப்பாக்கியை மடக்கி, பிரீச் பிளக்கைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டைக் கோலால் பின்வழியே தள்ளி எடுத்தேன்.

சரி, ஒவ்வொரு வெடிக்கும் இடையில் துடைக்க வேண்டியதுதான். ஈரத் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று. இதிலும் ஒரு பாடம் பட்டேன். முதலில் துணியைத் தாராளமாக நனைத்துவிட்டேன். அந்த ஈரமும் கசடும் சேர்ந்து கீழே போய்ப் பிரீச் பிளக்கின் நெருப்புத் துளையை அடைத்துவிட்டது. விசையை இழுத்தேன், கேப்பு 'டிக்' என்றது, ஒன்றும் இல்லை. துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்திருந்தேன். கால் மூச்சு நேரம் கழித்து 'டம்' என்று வெடித்தது. தாமத வெடி என்பார்கள். விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முழுதாக ஒரு நிமிடம் குழலை இலக்குப் பக்கமே வைத்திருக்க வேண்டும் என்ற விதி எதற்காக என்பது அந்த ஒரு நொடியில் உடம்புக்கே புரிந்தது. அன்றிலிருந்து துணியைப் பிழிந்து உதறிய பதத்தில்தான் விடுகிறேன். வளையம் இருக்கும் இடத்தில் கோல் லேசாகக் கரகரக்கும். அங்கே இரண்டு மூன்று குட்டி இழுப்பு, அப்புறம் வெளியே. அடுத்துக் காய்ந்த துணி. அதோடு ஒரு கேப்பு மட்டும் வெடித்துத் துளையைக் காயவைக்கிறேன்.

இன்னொன்று சூடு. குழல் சூடாக இருந்தால் சபாட்டின் பிளாஸ்டிக் இளகிவிடும். குண்டு வழுக்கிக்கொண்டு இறங்குவது கோலிலேயே தெரியும். வெடிக்கு வெடி எட்டு நிமிடம் என்று கைபேசியில் மணி வைத்தேன். புறங்கையைக் குழலில் வைத்துப் பார்த்துக் குளிர்ந்திருந்தால்தான் அடுத்தது. ஐந்து குண்டுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து மேஜையில் ஒருவர் இரண்டு பெட்டித் தோட்டாவைக் காலி செய்துவிட்டுப் போவார். பரவாயில்லை.

மூன்றாம் நாள், அதே மருந்து, அதே குண்டு, துடைத்து, ஆறவிட்டு. 100 கெஜத்தில் ஐந்து குண்டும் இரண்டு அங்குலத்துக்குள். புகை விலகியதும் தொலைநோக்கியில் பார்த்தபோது கண்ணை நம்பாமல் நடந்து போய்க் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்போது மனசில் ஒரு உறுத்தல். பழைய ஸ்கோப்பை நான் ஒதுக்கி வைத்தது நியாயமா? ஆடியது அடிப்பட்டை, குண்டை ஏணிபோல் ஓடவைத்தது கசட்டு வளையம். அடுத்த வாரம் அதைத் திரும்ப மாட்டினேன். அதே முறையில் ஐந்து குண்டு. இரண்டரை அங்குலம்! நான் முதல் நாள் எழுதிய தீர்ப்பு அந்த அளவில் தப்பு. மஸில்லோடரில் கெட்டிப்பு ஒரே மாதிரி இல்லாதவரை எந்த ஸ்கோப்பையும் நல்லது என்றோ மோசம் என்றோ சொல்ல முடியாது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் முப்பது குண்டு மிச்சமாகியிருக்கும்.

இப்போதுதான் ஒப்பிட நியாயமான இடத்துக்கு வந்திருந்தேன். நண்பர் ஒருவர் தன் வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, 3-9x40 ஸ்கோப்பைக் கடன் கொடுத்தார். ஆக மூன்று.

கிளிக் சோதனைக்குச் சுட வேண்டியதே இல்லை. துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் தாங்கியில் அசையாமல் இறுக்கி, 100 கெஜத்தில் அங்குலக் கட்டம் போட்ட பெரிய காகிதம் ஒன்றை நிறுத்தினேன். ஸ்கோப்பில் பார்த்தபடி 40 கிளிக் மேலே திருப்பினால் குறுக்குக் கோடு பத்தரை அங்குலத்துக்கு நூலளவு குறைவாக நகர வேண்டும். ஒரு கிளிக் என்பது கறாராகக் கால் அங்குலம் இல்லை, கோணக் கணக்கு: கால் கோண நிமிடம். 100 கெஜத்தில் ஒரு கோண நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒன்று) 1.047 அங்குலம். லூபோல்டும் வோர்டெக்ஸும் அந்த இடத்துக்கே போய், மறுபடி 40 கிளிக் கீழே திருப்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்தன. பழையது எட்டரை அங்குலத்தில் நின்றது. திரும்பி வரும்போது நான்கு நூல், அதாவது அரை அங்குலம், தள்ளி நின்றது. விரலால் தட்டியதும் ஒரு குதி குதித்து இடத்துக்கு வந்தது. முதல் நாள் 25 கெஜத்தில் 48 கிளிக் திருப்பியும் அரை அங்குலம் குறைந்ததற்கு இதுதான் காரணம். ஒருமுறை குறி வைத்து அப்படியே விட்டுவிட்டால் அது ஓரளவு பிழைத்துக்கொள்ளும். குளிரில், வண்டி ஆட்டத்தில் எப்போது அந்தக் குதி குதிக்கும் என்று தெரியாதே, அதுதான் கவலை.

அடுத்தது கண் இடைவெளி. ஸ்கோப்பின் பின் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்ற அளவு. மஸில்லோடர் நன்றாக உதைக்கும். சுடுதளத்தில் ஒருவருக்கு ஸ்கோப் இடித்துப் புருவத்துக்கு மேல் பிறைபோல் கிழிந்து ரத்தம் வடிந்ததைக் கண்ணால் பார்த்தேன். லூபோல்டுக்கு 3x இல் 4.2 அங்குலமும் 9x இல் 3.7 அங்குலமும் கிடைக்கிறது, வோர்டெக்ஸுக்கு 3.8 அங்குலம். பழையதில் நான் அளந்தவரை மூன்று அங்குலம்தான். மேஜையில் உட்கார்ந்து பார்த்தால் மூன்றும் சரியாகவே தெரியும். ஜனவரிக் கோட்டு, அதன் மேல் ஆரஞ்சு அங்கி, மரத்தில் சாய்ந்த முதுகு, மடக்கு ஸ்டூல், இவ்வளவும் சேர்ந்தால் கன்னம் கட்டையில் உட்காரும் இடமே மாறிவிடும். அதனால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பார்த்தேன். கறுப்பு விளிம்பு இல்லாமல் முழு வட்டம் தெரிகிற வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, அப்புறம்தான் மோதிரங்களை இறுக்கினேன்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது அந்திச் சோதனை. சட்டப்படி சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுடலாம், மான் வெளியே வருவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். எழுத்தில் அனுமதி வாங்கிய பண்ணை ஒன்றில், காட்டோரமாக 80 கெஜத்தில் மான் உருவத்தில் வெட்டிய பழுப்பு அட்டை ஒன்றை மரத்தில் சாத்தினேன். மூன்று ஸ்கோப்பும் துப்பாக்கியில் இல்லாமல் தனியாக, ஒரு மரத்தட்டில் வரிசையாக. சூரியன் மறைந்து பன்னிரண்டு நிமிடத்தில் பழையதில் 9x வைத்தால் அட்டை தெரிகிறது, ஆனால் அதன் மேல் மெல்லிய குறுக்குக் கோடு கரைந்துவிட்டது. 4x க்கு இறக்கியதும் இன்னும் பத்து நிமிடம் கிடைத்தது. கணக்கு எளிது: முன் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக் கற்றையின் அகலம். 32ஐ 9ஆல் வகுத்தால் மூன்றரை மில்லிமீட்டர். 4ஆல் வகுத்தால் எட்டு. இருட்டத் தொடங்கியதும் பெரிதாக்கிப் பார்க்கத்தான் கை போகும். செய்ய வேண்டியது நேர்மாறு. லூபோல்ட், வோர்டெக்ஸ் இரண்டிலும் அரை மணி முடியும்வரை கோடு தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் கண்டுபிடிக்க மூன்று மாலை முயன்றேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை. ஓரத்தில் தடித்து நடுவில் மெலியும் குறுக்குக் கோடு உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். இருட்டில் நடுக்கோடு மறைந்தாலும் அந்தத் தடித்த நான்கு கைகளும் வழி காட்டும்.

லூபோல்டின் எடை 12.2 அவுன்ஸ், வோர்டெக்ஸ் சுமார் 15. இரண்டுக்கும் ஆயுள் உத்தரவாதம் உண்டு. நண்பருடையதில் நடுக்கோட்டுக்குக் கீழே தூரத்துக்கு ஏற்பப் பிடிக்கச் சின்னக் கோடுகள் இருந்தன. 125 கெஜத்துக்கு மேல் நான் சுடப்போவதில்லை என்பதால் அவை எனக்குத் தேவைப்படவில்லை. 200 கெஜ வயல்வெளியில் உட்காருகிறவருக்கு உதவும். குறைந்த உருப்பெருக்கத்தில் கண் இடைவெளி அரை அங்குலம்போல் கூடுதல் என்பதற்காக லூபோல்டை வைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஸீரோ, அதாவது எந்தத் தூரத்தில் குண்டு எங்கே விழ வேண்டும் என்று ஸ்கோப்பை நிறுத்துவது. 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே விழும்படி வைத்தேன். இந்த மருந்துக்கும் குண்டுக்கும் 50 கெஜத்தில் ஏறக்குறைய அதே உயரம், 150இல் இரண்டரை அங்குலம் கீழே. 125 வரை தோளுக்குப் பின்னால் நடுவில் குறி வைத்தால் போதும், எதையும் கணக்குப் போட வேண்டாம்.

ஆனால் ஐந்து குண்டுக் கூட்டம் காட்டில் உதவாது. காட்டில் சுடுவது ஆறிக் கிடக்கும் குழலிலிருந்து ஒரே ஒரு குண்டு. அதனால் டிசம்பரில் ஐந்து காலைகள், நாளுக்கு ஒரு குண்டு, எல்லாம் ஒரே காகிதத்தில். முதல் காலை பளபளவென்று சுத்தம் செய்த குழல். குண்டு மற்றதைவிட இரண்டு அங்குலம் உயரத்தில் விழுந்தது. மற்ற நான்கு நாளும் கிளம்பும் முன் இரண்டு கேப்பு வெடித்து, ஒரு காய்ந்த துணி விட்டு, அப்புறம் கெட்டித்தேன். நான்கும் ஒன்றரை அங்குலத்துக்குள். சீசன் அன்றும் அதையே செய்யப்போகிறேன்.

கடைசிக் காலை மைனஸ் எட்டு டிகிரி. ஐந்தாவது ஓட்டையைப் பேனாவால் சுற்றித் தேதி எழுதிவிட்டு, பிரீச் பிளக்கைக் கழற்றிச் சுடுநீரில் போட்டேன். டிரிபிள் செவன் கசடு வெறும் தண்ணீருக்கே கரையும். குழலைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவினேன். பிளக்கின் மரைக்குக் கிரீஸ் பூசித் திருகி, குழல் வாயில் பனி புகாமல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினேன். துப்பாக்கி இப்போது கராஜிலேயே, வெளிக்குளிரில் இருக்கிறது. வீட்டுச் சூட்டிலிருந்து எடுத்துப்போனால் கண்ணாடி வியர்த்துவிடும்.